கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரை மாற்றுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்டியின் கோளாறு கோட்களைப் படிக்கும் ஸ்கேனரில், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சென்சாருக்கான பி0118 கோட் வந்ததும் புது சென்சார் வாங்கக் கிளம்புவதுதான் முதல் தவறு. சிக்னல் வோல்டேஜ் அளவுக்கு மேல் இருக்கிறது என்பதுதான் அந்தக் கோட் சொல்லும் சேதி. வயர் அறுந்தாலும், கனெக்டர் கழன்றாலும் அதே கோட்தான் வரும். பி0117 என்றால் நேரெதிர்: பெரும்பாலும் சிக்னல் எங்கோ எர்த் ஆகியிருக்கும்.

இரண்டு பின் சென்சாரில் இதைப் பிரித்தறிய ஒரு துண்டு வயர் போதும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து கனெக்டரைக் கழற்றுங்கள். ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும்; கனெக்டரில் 5 வோல்ட் வர வேண்டும். அதன் இரு பின்களையும் துண்டு வயரால் இணைத்தால் ரீடிங் 130 டிகிரிக்கு மேல் தாவ வேண்டும். இரண்டும் நடந்தால்தான் சென்சாரைச் சந்தேகிக்கலாம். சில வண்டிகளில் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கோளாறைக் கண்டதும் ஃபேனை ஓடவிட்டு, தானாக ஒரு வெப்பநிலையை வைத்துக்கொள்ளும். அதனால் மல்டிமீட்டரையும் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். டெஸ்ட் லாம்ப் இங்கே உதவாது. மீட்டர் முனையை கனெக்டர் துளைக்குள் திணிக்கவும் வேண்டாம். உள்ளே இருக்கும் தகடு விரிந்துபோய், இல்லாத லூஸ் கனெக்‌ஷன் புதிதாக வந்துவிடும். பின்பக்கம் வயர் நுழையும் இடத்தில் மெல்லிய ஊசி விட்டு அளந்து பாருங்கள்.

பலரை ஏமாற்றுவது, குளிர்ந்த இன்ஜினில் மட்டும் சோதிப்பது. பரவலாக இருக்கும் ஒரு வகை சென்சார் 20 டிகிரியில் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 320 ஓம், 100 டிகிரியில் சுமார் 190 ஓம் காட்டும். கனெக்டரில் பச்சை பூத்து (துருப்பிடித்து) மின்தடை 280 ஓம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரியில் ரீடிங் இரண்டு மூன்று டிகிரிதான் பிசகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அதே 280 ஓம் 80 டிகிரியில் 320-ஐ 600 ஆக்கிவிடும். ஈசியூ அதை 60 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று பெட்ரோலைக் கூட்டிவிடும், மைலேஜ் அடிவாங்கும். கூலன்ட் 100 டிகிரிக்குப் போனாலும் ரீடிங் 70-ஐத் தொடாது. ஈசியூ சொல்லித்தான் ஃபேன் ஓடும் வண்டியில் அப்போது ஃபேன் ஓடாது. இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறி ஹெட் கேஸ்கெட்டே (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் சீல்) போய்விடலாம். கோட் எதுவும் வராமலேயே இது நடக்கும்.

ஆகவே சூடான இன்ஜினில், கனெக்டர் மாட்டியிருக்கும்போதே, சென்சாரின் எர்த் வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு எர்த் பக்கம். சிக்னல் வயரில் அளந்த வோல்டேஜும் ஸ்கேனர் காட்டும் சென்சார் வோல்டேஜும் ஒத்துப்போகாவிட்டால் சிக்னல் வயரைத் தேடுங்கள்.

ஹைவேயில் 65 டிகிரிக்கு இறங்கி, நிறுத்தியதும் மெல்ல ஏறும் வண்டியில் முதலில் தெர்மோஸ்டாட்டை (ரேடியேட்டருக்குப் போகும் கூலன்ட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) பாருங்கள்.

சென்சாரையே மாற்ற வேண்டி வந்தால் இன்ஜின் ஆறிய பிறகு கழற்றுங்கள். கூலன்ட்டை நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாமல் விட்டால் சென்சார் முனை காற்றுக்குமிழியில் நின்று, புது சென்சாரும் தப்பாகவே காட்டும்.