மூச்சுத் தசை களைத்தவர்கள் இன்ஹேலரை எப்போது, எப்படி அடிப்பது

அப்பாவுக்கு சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கிக் காற்று அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று தெரிந்த புதிதில், அவர் குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து தோளெல்லாம் ஏறி இறங்க மூச்சு வாங்கும்போதுதான் நாங்கள் இன்ஹேலரைத் தேடுவோம். அது நேரம் தவறிய மருந்து. ஏனென்று புரிந்தால் நீங்களே நேரத்தை மாற்றிக்கொள்வீர்கள்.

மூச்சிழுக்கும் வேலையில் பெரும்பங்கு உதரவிதானத்துக்கு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை மாதிரி கவிந்திருக்கும் தசை அது. மூச்சுக்குழாய் சுருங்கியவர்களுக்கு இழுத்த காற்று முழுதாக வெளியே போகாது, வேகமாக மூச்சு வாங்க வாங்க இன்னும் தங்கும், நுரையீரல் ஊதிப் பெருத்து அந்தக் குடையைக் கீழே தள்ளித் தட்டையாக்கிவிடும். மணிக்கட்டை உள்பக்கமாக நன்றாக மடக்கிக்கொண்டு ஒரு கரண்டியை இறுகப் பிடித்துப் பாருங்கள், பிடியில் பலமே இருக்காது. விரல் தசை ஏற்கெனவே சுருங்கிக் கிடப்பதால் வரும் கோளாறு அது. உதரவிதானத்தின் பாடும் அதேதான். மூச்சு வாங்கும்போது அடிக்கும் இன்ஹேலரில் உள்ள சால்புட்டமால் மருந்து தசைக்கு டானிக் இல்லை. குழாயை விரித்துத் தங்கிய காற்றை வெளியேற்றுகிறது, குடை மறுபடி கவிகிறது, தசைக்கு இழுவை திரும்புகிறது.

அதனால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, குளியலுக்கோ நடைக்கோ பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே அடியுங்கள். இன்ஹேலரைக் குலுக்குங்கள், மூச்சை மெதுவாக முழுக்க விடுங்கள் (பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்), ஸ்பேசரை (இன்ஹேலரோடு மாட்டும் குழாய் போன்ற கூடு) உதட்டால் இறுக மூடி ஒரு பஃப், நிதானமாக இழுத்து முடிந்தால் பத்து எண்ணும்வரை பிடியுங்கள். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது பொறுங்கள். சரி, அடித்தாயிற்று, அப்புறம் உடனே எழுந்து ஓட வேண்டாம். மேசையில் முழங்கை ஊன்றி முன்னால் சாய்ந்து, மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, விளக்கை ஊதுவது போல உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை விடுங்கள். தங்கிய காற்று வெளியேற இதுவும் உதவும். எழுதிக் கொடுத்த அளவைத் தாண்டாதீர்கள். சால்புட்டமால் மிஞ்சினால் கை நடுக்கம், படபடப்போடு ரத்தத்தில் பொட்டாசியமும் இறங்கும். அது இறங்கினால் தசை இன்னும் தளரும்.

மூச்சுக்குழாயை விரிக்கத் தரும் தியோஃபிலின் மாத்திரையின் கதை வேறு. 1981-ல் ஒபியே என்பவரின் குழு, அதே வகையைச் சேர்ந்த அமினோஃபிலின் உதரவிதானத்தின் சுருங்கும் வலுவையே கூட்டுகிறது என்று எழுதியது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதற்கு ஒத்துப்போகவில்லை. என்னைக் கேட்டால், பலம் வரும் என்று நம்பி அந்த மாத்திரையை ஒன்றுகூடக் கூட்டிப் போடாதீர்கள். பலன் தரும் அளவுக்கும் வாந்தி, இதயத் துடிப்புக் கோளாறு, வலிப்பு வரை கொண்டுபோகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் ரத்தத்தில் தியோஃபிலின் அளவு ஏறும். புகைப்பதை நிறுத்தினாலும் ஏறும்; நிறுத்துங்கள், ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

மூச்சிழுக்கும்போது வயிறு வெளியே வராமல் உள்ளே போனாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாவிட்டாலோ, திணறிக்கொண்டிருந்தவர் திடீரென்று தூங்கி வழிந்தாலோ, தசை தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். இன்னொரு பஃப் பலிக்கிறதா என்று பார்த்து உட்கார்ந்திருக்காமல் 108-க்கு போன் செய்யுங்கள், வண்டி வரும்வரை படுக்க வைக்காமல் சாய்த்து உட்கார வையுங்கள்.