ஜப்பான் குண்டு போட்ட இடங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது எப்படி

யுத்தம் நடந்த இடங்களைப் பார்க்கப் போகிறோம் என்றால் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது வேறு யுத்தம், வேறு ஊர்கள். அந்த ஊர்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிற விதமே வேறு, அதை இங்கே தொடவில்லை. நான் சொல்வது 1942 ஏப்ரல், பழைய ஆட்கள் "ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்" என்று சொல்வார்களே, அது. கொழும்பில் இருக்கிற பல பிள்ளைகளுக்கு இந்த நகரத்தின் மேல் ஜப்பான் விமானங்கள் பறந்தன என்பதே தெரியாது, அது எனக்கு உண்மையிலேயே கவலையான விஷயம்.

முதல் வேலை, இடங்களைத் தூரத்தை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள், தேதியை வைத்து வரிசைப்படுத்துங்கள். ஏப்ரல் 4 காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல, ஏப்ரல் 5 கொழும்பு, ஏப்ரல் 9 திருகோணமலையும் மட்டக்களப்புக் கடலும். ஏன் என்றால் இந்த இடங்களில் கண்ணுக்குத் தெரிவது குறைவு. ஒரு வாவி, ஒரு விளையாட்டுத் திடல், கொஞ்சம் துருப்பிடித்த இரும்பு, மிச்சமெல்லாம் கடல். கதை தெரியாமல் போனால் பத்து நிமிஷத்தில் "போகலாமா?" என்று கேட்பார்கள், கதை தெரிந்தால் அவர்களே தேடுவார்கள். அதனால் போவதற்கு முதல் நாள் இரவு இலங்கை வரைபடத்தை மேசையில் விரித்து, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு ஜப்பான் கடற்படை எந்தப் பக்கமிருந்து வந்தது என்று காட்டிவிடுங்கள்.

ஏப்ரல் தொடக்கமே போக நல்ல காலம். தெற்குக் கடல் இன்னும் முரடாகியிருக்காது, கிழக்குக் கடல் அடங்கியிருக்கும். புத்தாண்டு நெரிசல் தொடங்குமுன் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான். வெயில் கொளுத்தும், தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் எங்கேயும் இறங்காதீர்கள்.

கொக்கலவுக்கு ரயிலில் போங்கள். அதிவேகப் பாதையில் சீக்கிரம் போகலாம்தான், ஆனால் கடலே தெரியாது, கடலைப் பார்க்காமல் இந்தக் கதை பிள்ளைகளுக்கு ஏறாது. கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ஏறி வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். காலியில் இறங்கி மாத்தறை பஸ் எடுத்தால் கொக்கல பக்கம்தான். அந்த வாவியில்தான் பிரிட்டிஷ் விமானப்படையின் கெட்டலினா கடல் விமானங்கள் நின்றன. லியோனார்ட் பர்ச்சால் என்ற கனடா நாட்டு விமானி இலங்கைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஏப்ரல் 4 பின்னேரம், தீவுக்குத் தென்கிழக்கே வெகு தொலைவில், ரோந்து முடிந்து திரும்பவேண்டிய நேரத்தில் ஜப்பான் கப்பல் கூட்டத்தைக் கண்டார். ஜப்பானின் சீரோ சண்டை விமானங்கள் சுட்டுக்கொண்டிருக்கும்போதே கொழும்புக்குச் செய்தி அனுப்பினார்கள். அந்த விமானத்தில் இருந்தவர்கள் ஒன்பது பேர், மூன்று பேர் இறந்தார்கள், ஆறு பேர் யுத்தம் முடியும்வரை ஜப்பானில் கைதிகள். வாவிக்கரையில் நின்று இதைச் சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு இன்னொரு கதை இருக்கிறது. 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனம் ஆஸ்திரேலியாவின் பேர்த் நகரத்திலிருந்து இதே வாவிக்கு ரகசியமாக விமானம் விட்டது. நடுவில் எங்கேயும் இறங்காமல் ஒரு முழு நாளையும் தாண்டிப் பறக்கவேண்டும், எதிரிக்குத் தெரியக்கூடாது என்று வானொலியும் பேசாது. மூன்று பயணிகள் ஏறினாலே அதிகம். வழியில் சூரியன் இரண்டு தடவை உதிப்பதைப் பார்ப்பார்கள், அதற்கென்று தனியாக ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்! பக்கத்திலேயே சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் பெயரில் இருக்கிற நாட்டார் அருங்காட்சியகம், அதையும் விடாதீர்கள். விமானத் தளம் அமைக்க கொக்கல ஊர்ச் சனத்தை எழுப்பியபோது இடிபடாமல் தப்பிய அவருடைய வீடு அங்கே இருக்கிறது. ஊரை விட்டுப் போகச்சொன்னால் எதை எடுத்துக்கொண்டு போவீர்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். நம் குடும்பங்களில் அந்தக் கேள்விக்குப் பெரியவர்களிடம் சொந்தப் பதிலே இருக்கும்.

கொழும்புக்கு ஒரு ஞாயிறு காலை போதும். முதலில் ஒன்று, "ஈஸ்டர் ஞாயிறு தாக்குதல்" என்றால் பிள்ளைகள் 2019 என்றுதான் நினைப்பார்கள். இது அதற்கு 77 வருஷம் முந்தியது என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பர்ச்சாலின் எச்சரிக்கை வந்ததால் துறைமுகத்திலிருந்து பல கப்பல்களை வெளியே அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் காலையில் விமானங்கள் தலைக்கு மேல் வந்த பிறகுதான் இரத்மலானை விமானத் தளத்தில் விஷயம் தெரிந்தது. துறைமுகத்தில் டெனடோஸ், ஹெக்டர் என்ற கப்பல்கள் மூழ்கின, அங்கொடை மனநல மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. அன்றைக்கே தென்மேற்கே நடுக்கடலில் கோர்ன்வால், டோர்செட்ஷயர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இரண்டும் தாழ்ந்து 424 பேர் இறந்தார்கள்.

துறைமுகத்துக்குள் உங்களை விடமாட்டார்கள், அதனால் காலிமுகத்திடலில் தொடங்குங்கள். முன்பு அங்கே ஒரு யுத்த நினைவுத்தூண் நின்றது. கடலிலிருந்து குறிவைக்க அது எதிரிக்கு அடையாளமாகிவிடும் என்று பயந்து கழற்றி உள்ளே கொண்டுபோனார்கள், இப்போது விகாரமகாதேவி பூங்காவில், பொது நூலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. நூலகத்துக்கு வருகிற பிள்ளைகள் தினமும் கடந்து போகிற தூண்தான். ஒரு நகரம் எவ்வளவு பயந்திருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாட்சி கொழும்பில் இல்லை. திடலில் ஒரு தடவை, தூணடியில் ஒரு தடவை என்று இரண்டு இடத்திலும் நிற்கவையுங்கள்.

அங்கிருந்து கறுவாத்தோட்டம் ரேஸ் கோர்ஸுக்கு நடந்தே போகலாம். குதிரை ஓடிய திடலை யுத்த காலத்தில் விமான ஓடுபாதையாக்கி ஹரிக்கேன் சண்டை விமானங்களை நிறுத்தியிருந்தார்கள். இப்படி ஒன்று இருப்பது ஜப்பானியருக்குத் தெரியவே தெரியாது. இன்றைக்கு றக்பி நடக்கும், கடைகள் இருக்கும், ஐஸ்கிறீமும் கிடைக்கும். பழைய பார்வையாளர் மண்டபத்தின் படிகளில் உட்கார்ந்து, அந்தப் புல்வெளியில் ஓடி மேலெழ ஒரு விமானத்துக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்று கண்ணாலேயே அளக்கச்சொல்லுங்கள். விமானப் பைத்தியம் பிடித்த பிள்ளை என்றால் பின்னேரம் இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகம்.

வளர்ந்த பிள்ளைகள் "இது யாருடைய சண்டை?" என்று கேட்டால் நழுவாதீர்கள். அதே 1942 மே மாதம் இந்து சமுத்திரத்திலுள்ள கொக்கோஸ் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். கிரேஷன் பெர்னாண்டோவும் இன்னும் இருவரும் ஆகஸ்டில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். பாடப்புத்தகத்தில் படித்தாலும் படிக்காவிட்டாலும் இதை வீட்டில் சொல்லத்தான் வேண்டும்.

திருகோணமலைக்கு வாடகை வான் பிடித்தால் அதிகாலையிலேயே கிளம்புங்கள், ஹபரணைக்கு அப்பால் இருட்டில் யானை வரும். அங்கே ஓர் இரவாவது தங்கவேண்டும். பிரெட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலும் இருப்பதால் கும்பிடுவதையும் பழைய பீரங்கிகள் பார்ப்பதையும் ஒரே காலையில் முடிக்கலாம், மான்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் பற்றிச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். ஏப்ரல் 9 தாக்குதலில் ஒரு ஜப்பான் விமானம் நேராக 91ஆம் தாங்கியில் மோத, அது ஏழு நாள் எரிந்தது. அந்தப் பகுதிக்கு அனுமதி இல்லாமல் போகாதீர்கள். ஹூட்ஸ் டவர் கடற்படை அருங்காட்சியகமும் முகாமுக்குள் இருப்பதால் எல்லோருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும், முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

நிலாவெளி வீதியில் உப்புவெளி யுத்த மயானத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், நிழல் குறைவு. ஓடாதே, கல்லில் ஏறாதே என்று வாசலிலேயே சொல்லிவிட்டு, பிறகு விட்டுவிடுங்கள். கற்களில் வயதைப் பார்த்துக்கொண்டே போனால் இருபது, இருபத்திரண்டு என்று வரும். அக்கா வயது, மாமா வயது என்று பிள்ளைகளே கணக்குப் போடுவார்கள், நீங்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

மூதூர், வாகரை வழியாக மட்டக்களப்புக்கு இறங்கலாம், பாதை நன்றாக இருக்கிறது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பலான பிரிட்டிஷ் ஹேர்மிஸ், தாக்குதல் வருகிறது என்று தெரிந்து திருகோணமலையை விட்டு வெளியேறி, மட்டக்களப்புக்கு அப்பால் பிடிபட்டு மூழ்கியது. 307 பேர் போனார்கள். தப்பியவர்களை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் தூக்கியது. ஹேர்மிஸ் ஐம்பது மீற்றருக்கும் மேல் ஆழத்தில் கிடக்கிறது, அது பயிற்சி பெற்ற சுழியோடிகளுக்கு மட்டுமான இடம். குடும்பத்தோடு போகிறவர்கள் படகுக்குக் காசு கொடுக்கவேண்டாம், மேலே வெறும் தண்ணீர்தான். கரையில் நின்று திசையைக் காட்டினால் போதும். பிறகு பாசிக்குடாவில் பிள்ளைகளை இடுப்பளவுத் தண்ணீரில் விளையாட விட்டு, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பொலன்னறுவை வழியாகக் கொழும்புக்குத் திரும்புங்கள்.