மூன்று கட்டைக் குரல்: கோலாலம்பூரில் நான்-பைனரி பாடகர் முதல் பாட்டை வெளியிடும் வழி

பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ பாட வருபவரிடம் வாத்தியக்காரர்கள் முதலில் கேட்பது, "ஆண் சுருதியா, பெண் சுருதியா?" ஆண், பெண் இரண்டுக்குள்ளும் அடங்காத நான்-பைனரி பாடகர் இதற்கு ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்லப் பழக வேண்டும். சுருதியைக் கட்டை எண்ணால் சொல்வது வழக்கம்: கீபோர்டின் C 1 கட்டை, D 2, E 3, இப்படியே B 7 கட்டை. "மூன்று கட்டை" என்றால் கீபோர்டுக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார். ஒலிப்பதிவு, பத்திரம், மேடை எல்லாவற்றிலும் இதே முறைதான்: அடுத்தவர் பார்த்து ஊகிப்பதற்குள் நாமே எழுதிக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

கட்டையைக் கண்டுபிடிப்பது

கச்சேரி வழக்கில் ஆண்கள் 1 முதல் 2 கட்டை, பெண்கள் 5 முதல் 6 கட்டை. நடுவில் இருக்கும் 3, 4 கட்டைகளை யாரும் தேடிப் போவதில்லை. பலருக்கு அங்கேதான் குரல் உட்காரும். எழுந்தவுடன் சோதிக்காதீர்கள், தூக்கக் குரல் எப்போதும் தாழ்ந்திருக்கும், ஏமாற்றும். முற்பகலில் பத்து நிமிடம் வாயை மூடி முனகிவிட்டு, டியூனர் செயலியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுரமாகக் கீழே இறங்குங்கள். கரகரப்பில்லாமல் நான்கு விநாடி நிற்கும் கடைசிச் சுரம் உங்கள் மந்தர பஞ்சமம், அதாவது கீழ் ஸ்தாயியின் 'ப'. அதிலிருந்து கீபோர்டில் கறுப்பு வெள்ளை எல்லா விசைகளையும் சேர்த்து ஐந்து படி ஏறினால் சட்ஜம், அதாவது உங்கள் 'ச'. மந்தர பஞ்சமம் 7 கட்டையில் நின்றால் சட்ஜம் 3 கட்டை. பிறகு மேலே தார ஸ்தாயிப் பஞ்சமம் (மேல் ஸ்தாயியின் 'ப') வரை போய்ப் பாருங்கள். அங்கே கழுத்து நரம்பு புடைத்தால் அரைக் கட்டை குறைத்துக்கொள்ளலாம்.

டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் எடுப்பவர்களுக்கு முதல் ஓராண்டாவது குரல் இறங்கிக்கொண்டே வரும். அந்தக் காலத்தில் ஒற்றைப் பாட்டாக வெளியிடுங்கள். ஆறு பாட்டுத் தொகுப்பைத் தொடங்கினால் முதல் பாட்டின் குரல் கடைசிப் பாட்டில் இருக்காது. ஈஸ்ட்ரோஜன் குரலை ஏற்றாது. அங்கே பயிற்சி மட்டுமே கைகொடுக்கும்.

கரோக்கி தடத்தை ஏற்றி இறக்கும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 1 கட்டையிலிருந்து 3 கட்டைக்குப் போக டிரான்ஸ்போஸ் பொத்தானை நான்கு தரம் அழுத்த வேண்டும், இரண்டு தரம் அல்ல. 3க்கும் 4க்கும் நடுவே ஒரே படி. 4க்கும் 5க்கும் நடுவே இரண்டு. அதோடு, இரண்டு மூன்று படிக்கு மேல் தடத்தை நகர்த்தினால் தபலா தகர டப்பா மாதிரிக் கேட்கும். கீபோர்டுக்காரருக்குக் கூலி கொடுத்து உங்கள் கட்டையிலேயே புதிதாக வாசிக்கச் சொல்வது எவ்வளவோ மேல். ஜோடிப் பாட்டு என்றால் அவன் வரி, அவள் வரி என்று பிரிக்காமல் தாழ்ந்த வரிகள் ஒருவருக்கு, ஏறும் வரிகள் ஒருவருக்கு என்று பிரியுங்கள்.

கள்ளக்குரலில் (ஃபால்செட்டோ) ஏறிப் பாடுவதை அடையாளமாக்கிக்கொள்ள நினைப்பவர்கள் பிரிட்டனின் நான்-பைனரி பாடகர் சாம் ஸ்மித்தைக் கவனிக்க வேண்டும். 2014இல் முதல் ஆல்பம், 2015 தொடக்கத்தில் நான்கு கிராமி விருதுகள், அதே ஆண்டு நடுவில் குரல் நாணில் இரத்தக் கசிவு, ரத்தான நிகழ்ச்சிகள், அறுவை சிகிச்சை. கள்ளக்குரல் நிறையக் காற்றைக் கேட்கும். களைத்த தொண்டை அதை அழுத்தத்தால் ஈடுகட்டப் பார்க்கும். ஒத்திகையில் உச்ச வரிகளை இரண்டு முறைக்கு மேல் முழுக்குரலில் பாட வேண்டாம். கரகரப்பு இரண்டு வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். சுக்குக் கஷாயம் அதுவரைக்கும்தான்.

பதிவு

அடுக்குமாடி வீட்டில் பதிவு செய்ய உடுப்பு நிறைந்த அலமாரியின் முன்பக்கமே நல்ல இடம். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள், நடுவே மூச்சுக் காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் பாப் ஃபில்டர். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்; உச்ச வரியில் ஒலி மானி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. மின்விசிறியும் ஏர்கோனும் அணைந்திருக்க வேண்டும், ஆகவே மூன்று டேக்குக்கு ஒருமுறை வியர்வை துடைக்க நிறுத்துங்கள். பிற்பகல் மழை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். தகரக் கூரையில் விழும் மழையை எந்த மென்பொருளும் சுத்தமாக எடுக்காது. பதிவுக்கு முன் தே தாரேக் வேண்டாம், பாலும் இனிப்பும் தொண்டையில் படியும்.

பத்திரங்கள்

இதுதான் அலுப்பான பகுதி, ஆனால் பணம் தொலைவதும் இங்கேதான். மேடைப் பெயர் எதுவாகவும் இருக்கலாம். வங்கிக் கணக்கு, ஒப்பந்தம், உரிமைத்தொகைப் பதிவு மூன்றிலும் ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ள பெயர்தான் செல்லும். ஒப்பந்தத்தின் முதல் வரியில் இரண்டு பெயரையும் எழுதி, விளம்பரத்திலும் அறிவிப்பிலும் மேடைப் பெயர் மட்டுமே வரும் என்று தனி வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஐசி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். நகலைப் பார்க்கும் யாருக்கும் பழைய பெயரோடு இதுவும் தெரிந்துவிடும். நகல் கொடுக்கும்போது குறுக்கே இரண்டு கோடு போட்டு, எந்த நிகழ்ச்சிக்கு, எந்தத் தேதிக்கு என்று அதன்மேலேயே எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருநாளும் போட வேண்டாம். கணக்குப் பார்ப்பவருக்கு நேரடியாக அனுப்புங்கள்.

பாட்டுக்கான உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் அமைப்புகள் மூன்று: பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் எம்ஏசிபியில் சேர வேண்டும். பாடியவருக்கு ஆர்பிஎம், ஒலிப்பதிவுக்குச் சொந்தக்காரருக்குப் பிபிஎம். மூன்றும் வேறு வேறு. ஒன்றில் சேர்ந்துவிட்டு மற்றவற்றிலிருந்தும் பணம் வரும் என்று காத்திருப்பவர்கள் நிறையப் பேர். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டை எழுதியோ பதிவு செய்தோ வைத்ததுமே உரிமை வந்துவிடுகிறது. சண்டை வந்தால் சான்றாக நிற்க, மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் அறிவித்து வைக்கலாம். யாருக்கு எத்தனை விழுக்காடு என்ற தாளில் பதிவு நாளன்றே எல்லோரும் கையெழுத்திடுங்கள். சாம் ஸ்மித்தின் 2014ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றின் மெட்டு அமெரிக்க ராக் பாடகர் டாம் பெட்டியின் பழைய பாட்டை ஒத்திருந்ததால், டாம் பெட்டிக்கும் அதைச் சேர்ந்து எழுதிய ஜெஃப் லினுக்கும் பின்னால் 12.5 விழுக்காடு எழுதிக்கொடுக்க நேர்ந்தது. நீதிமன்றம் போகாமல் பேசித் தீர்த்ததால் பெயர் கெடவில்லை.

வெளியீடு

ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் பாட்டை ஏற்றித்தரும் விநியோக நிறுவனத்துக்கு நான்கு வாரம் முன்பே கோப்புகளை ஏற்றுங்கள். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழுவுக்குப் பாட்டை முன்வைக்க வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்பு அனுப்புவது நல்லது. வெளியீடு முடிந்துவிட்டால் அந்த வாய்ப்பு கைநழுவும். ஒலிப்பதிவின் அடையாளமான ஐஎஸ்ஆர்சி எண்ணை விநியோக நிறுவனமே தரும். அதைக் குறித்து வையுங்கள்: நிறுவனம் மாறும்போது அதே எண்ணைக் கொடுக்காவிட்டால் கேட்ட எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பெயரை ஒரு பாட்டில் தமிழிலும் அடுத்ததில் ரோமன் எழுத்திலும் போட்டால் இரண்டு கலைஞர் பக்கங்கள் முளைக்கும், ஒன்றாக்குவது பெரும்பாடு.

மின்னல் எஃப்எம் வானொலிக்கும் நாளேடுகளுக்கும் அனுப்பும் குறிப்பு நூறு சொல்லுக்குள் இருக்கட்டும். "பாடகர்", "அவர்" என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் அப்படியே அச்சாகும். செல்வன், செல்வி என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், யாராவது நிரப்பிவிடுவார்கள். பெயரை மட்டும் போடச் சொல்லி எழுதுங்கள். சிறந்த பாடகர், சிறந்த பாடகி என்று பிரித்த போட்டிகளுக்கு விண்ணப்பிக்கும் முன், பாட்டையும் குழுவையும் மதிப்பிடும் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். கிராமி 2012லேயே பாப் தனிப்பாடலில் ஆண் பெண் பிரிவை எடுத்துவிட்டது. பிரிட்டனின் பிரிட் விருதில் 2021இல் சாம் ஸ்மித்துக்கு எந்தத் தனிப்பாடகர் பிரிவிலும் இடமில்லாமல் போனது. அதற்கு மறு ஆண்டுதான் பிரிவுகளை ஒன்றாக்கினார்கள். இங்கே கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. ஆனால் கடைசி நாளில் கேட்காதீர்கள், அமைப்பாளருக்குத் தலைவலிதான் மிஞ்சும்.

மேடை

கேளிக்கை உரிமம் எடுப்பது ஏற்பாட்டாளரின் பொறுப்பு. கோலாலம்பூரில் அது மாநகர மன்றமான டிபிகேஎல் தருவது. முன்பணம் வாங்குமுன் நகலைக் கேளுங்கள். 2023 ஜூலையில் செப்பாங் இசை விழா பாதியில் நிறுத்தப்பட்ட பிறகு, வெளிநாட்டுக் கலைஞர் நிகழ்ச்சிகளில் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் ஏற்பாடு வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. உள்ளூர் ஒப்பந்தத்திலும் உடை, பேச்சு, நிறுத்தம் பற்றிய வரிகள் இருக்கின்றனவா என்று வாசியுங்கள். நிகழ்ச்சி நின்றால் சம்பளம் உண்டா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மேடை உடையை மண்டபத்தில் மாற்றிக்கொள்ளுங்கள், அதே உடையில் எல்ஆர்டி ரயிலில் வர வேண்டாம். உடை மாற்றத் தனி அறையோ பூட்டுள்ள கழிவறையோ வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள். வந்த பிறகு கேட்டால் திரைக்குப் பின்னால் நாற்காலி அடுக்கிய மூலைதான் கிடைக்கும்.

சவுண்ட்காரர்கள் ஆளைப் பார்த்தே ஈகியூவை (தாழ்ந்த ஒலி, ஏறிய ஒலியின் அளவை) வைத்துவிடுவார்கள். மெலிந்த உருவம் என்றால் கீழ்ப்பகுதியை அதிகமாக வெட்டுவார்கள், தாழ்ந்த வரிகள் காணாமல் போகும். பாட்டின் மிகத் தாழ்ந்த வரியையும் மிக ஏறிய வரியையும் அடுத்தடுத்துப் பாடிக் காட்டுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் மட்டும் வெட்டச் சொல்லுங்கள், கம்மலாகக் கேட்டால் 250 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். கள்ளக்குரலுக்கு மாறும் இடத்தில் சத்தம் சட்டென்று விழும். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரெசர் 3:1 போதும், மீதியை மைக்கை நெருங்கிச் சரிசெய்யலாம்.

அறிவிப்பாளருக்கு இரண்டே வரியில் சீட்டு: பெயர், அதை உச்சரிக்கும் விதம், பாட்டு, "சகோதரர், சகோதரி வேண்டாம்". அவர் எழுதி வைத்திருக்கும் அட்டையிலேயே அதை ஒட்டிவிடுங்கள். இன்னொரு பிரதி மேடை ஓரத்தில் நிற்பவரிடம் இருக்கட்டும், ஏனென்றால் நிகழ்ச்சி நடுவே அறிவிப்பாளர் மாறுவது இங்கே வழக்கம்.