கோரையா, புல்லா? தண்டை உருட்டிப் பாருங்கள்

ஏரி கோடி போய் ஓய்ந்து, தை மாசியில் தண்ணீர் உள்வாங்க ஆரம்பித்ததும் கரைச்சேற்றில் ஒரே பச்சையாக முளைத்து நிற்குமே, அதில் இறங்குங்கள். காவேரிப்பாக்கம் ஏரி வரை போகத் தேவையில்லை, பக்கத்துக் கழனி வரப்பே போதும். பிளேடு ஒன்று, 10 மடங்கு லென்ஸ் ஒன்று, சேறானால் வருத்தப்படாத செருப்பு ஒரு ஜோடி.

இலையைப் பார்த்தால் ஏமாந்துதான் போவோம். தண்டை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டுங்கள். மூன்று விளிம்பு தட்டித் தட்டி நகர்ந்தால் அநேகமாகக் கோரை. வழவழவென்று உருண்டு, இடையில் கணு தட்டுப்பட்டால் புல். சந்தேகமா? இலையடியில் தண்டைச் சுற்றியிருக்கும் உறையைப் பாருங்கள், புல்லில் பெரும்பாலும் ஒரு பக்கம் பிளந்திருக்கும், கோரையில் குழாய் மாதிரி மூடியிருக்கும்.

ஆனால் எல்லாக் கோரைக்கும் முக்கோணத் தண்டு கிடையாது. ஒருமுறை உருண்டைத் தண்டின் நடுவில் பழுப்பாக ஒரு கொத்து ஒட்டிக்கொண்டிருந்தது, பூச்சி முட்டை என்று நினைத்து விட்டுவிட்டேன். அதுதான் பூங்கொத்து! அதற்கு மேலே தண்டு மாதிரி நீள்வது உண்மையில் ஓர் இலை. நீளவாக்கில் கிழித்தால் உள்ளே ஏணிப்படி போலக் குறுக்குத் தடுப்புகள். பெயர் ஸ்கீனோப்ளெக்டியெல்லா ஆர்ட்டிகுலேட்டா, சொல்லிப் பழக இரண்டு நாள் ஆகும்.

பார்க்கக் கோரை மாதிரியே இருக்கும் ஜங்கஸ் என்ற செடி வேறு குடும்பம். பூவில் ஆறு சின்ன இதழ்கள், காய்க்குள் பொடிப்பொடியாக நிறைய விதை. கோரைப் பூவுக்கு ஒரே ஒரு விதைதான். நம் சமவெளியில் கோரை என்று காட்டுவதெல்லாம் அநேகமாக சைப்பிரஸ் என்ற கோரைப் பேரினமும் அதன் உறவுகளும்தான், வந்தவாசிப் பாய்க்கோரையும் அதே குடும்பம். பழுப்புக் கதிரோடு ஆள் உயரம் நிற்கும் சம்பு இதில் சேராது.

அப்புறம் பூக்கதிருக்கு லென்ஸைக் கொண்டுபோங்கள். செதில்கள் இரண்டு வரிசையாகத் தட்டையாக அடுக்கியிருந்தால் பெரும்பாலும் சைப்பிரஸ், திருகுபோல் சுற்றி வந்தால் ஃபிம்ப்ரிஸ்டைலிஸ் என்ற இன்னொரு கோரைப் பேரினமாக இருக்கலாம். நெல்லுக்கு நடுவே உருண்டை உருண்டையாகத் தலை தெரிவது சைப்பிரஸ் டிஃபார்மிஸ், மஞ்சளாகப் பிரிந்து நிற்பது சைப்பிரஸ் ஐரியா.

படம் எடுக்கும்போது முழுச்செடி, வெட்டிய தண்டு, நகத்தின் மேல் வைத்த கதிர், மூன்றும் வேண்டும். வேரோடு பிடுங்காதீர்கள். கோரைக்கிழங்கு மட்டும் விதிவிலக்கு, ஆனால் இழுத்தால் தண்டுதான் கையோடு வரும், தோண்டினால்தான் வாசனையான கிழங்கு கிடைக்கும். அதைத் தோண்டியதற்குக் கழனிக்காரர் திட்டமாட்டார், இன்னும் நாலு தோண்டச் சொல்வார்.