கதிர்காமத்துக்கு நடக்க முதல் கால் ரெண்டையும் ஒருக்கா சோதிச்சுப் பாருங்க

உகந்தையில கதிர்காமத்துக்கு நடந்து போற காட்டுப்பாதை திறக்கப் போறாங்க எண்ட கதை வந்தாலே எங்கட மாமி பையைக் கட்டத் தொடங்கிருவா. வயசு 64, சீனி வருத்தம் வந்து 12 வருசம், நேத்தி வச்சா வச்சதுதான், செருப்பும் போடமாட்டா. போன தடவை பாணமைக்கு அங்கால மணலுக்குள்ள நடக்கக்குள்ள பெருவிரலுக்குக் கீழ முள் ஏறி ரெண்டு நாளாக் கிடந்திருக்கு, அவக்குத் தெரியவே இல்ல, பின்னால வந்த ஒரு பொடியன் மணல்ல ரத்தத்தக் கண்டுதான் சொல்லியிருக்கான். கேட்டா "நோகல்லயே புள்ள" எண்டா. அந்த நோகாததுதான் எனக்குப் பயம், சீனியால கால் நரம்பு செத்தா அப்பிடித்தான் இருக்கும். நான் பிசியோ வேலை செய்றவள், அதால இந்த முறை பயணத்துக்கு ஒரு மாசம் முதலே அவவைக் கதிரையில இருத்திக் காலைப் பாத்தன். நீங்களும் உங்கட அம்மா அப்பாக்கு இப்பிடிப் பாக்கலாம்.

முதல் நரம்பு. இதுக்குச் சாமான் ஒண்டும் தேவல்ல, இங்கிலாந்துல இப்ஸ்விச்சுல உள்ள டொக்டர்மார் 2011ல எழுதின முறை இது. காலை நீட்டிக் கண்ணை மூடச் சொல்லுங்க, தொடுறது தெரிஞ்சா வலதா இடதா எண்டு சொல்லணும். உங்கட சுட்டு விரல் நுனியால வலது பெருவிரல், வலது சின்ன விரல், மறுகா இடது பெருவிரல், இடது சின்ன விரல், கடைசியா ரெண்டு காலிலயும் நடு விரல், இந்த ஒழுங்கில தொடுங்க. ஒரு இடத்துல ஒரு தரம்தான், ஒண்டு ரெண்டு செக்கன், இறகு பட்ட மாதிரி. அமத்தவோ தட்டவோ தடவவோ கூடா, சொல்லல்ல எண்டு திரும்பத் தொடவும் கூடா. எங்கட ஆக்கள் செய்ற பிழையே அதுதான், "அம்மா வடிவாப் பாருங்க, இப்ப தெரியுதா" எண்டு அமத்தி அமத்திக் கேட்டு ஓம் எண்டு சொல்ல வச்சிருவாங்க. ஆறுல ரெண்டோ அதுக்கு மேலயோ தெரியல்ல எண்டா உணர்ச்சி குறைஞ்சிட்டு. மாமிக்கு மூண்டு தெரியல்ல.

கிளினிக்ல இதையே மொனோபிலமன்ட் எண்ட நைலோன் நூலால பாப்பாங்க, அது சரியா 10 கிராம் பாரத்துல வளையும். முதல் கையில தொட்டுக் காட்டிட்டுத்தான் காலில வைக்கணும், தடிச்ச தோலுக்கு மேல வச்சா விடை பிழைக்கும். 128 ஹேர்ட்ஸ் இசைக்கவையை (தட்டினா அதிருற இரும்புக் கவை) அதிர வச்சுப் பெருவிரல் எலும்பில வச்சு அதிர்வு தெரியுதா எண்டும் பாப்பாங்க. குதிகாலுக்கு மேல சுத்தியலால தட்டுற சோதனையும் இருக்கு, ஆனா வயசாளிகளுக்குச் சும்மாவே அந்தத் துடிப்பு இல்லாமப் போகும், அத மட்டும் வச்சு முடிவெடுக்கேலா.

தசை லேசு. சுவரோரமா நிண்டு குதிகாலில நாலு அடி, நுனி விரலில நாலு அடி நடக்கச் சொல்லுங்க, விழுந்திராமப் பக்கத்துல நில்லுங்க. மறுகா இருத்தி வச்சுப் பெருவிரலை மேல தூக்கச் சொல்லி நீங்க கீழ அமத்துங்க. நாங்க இதுக்கு 0 தொடக்கம் 5 வரைக்கும் புள்ளி போடுவம், அமத்தத் தாங்கினா 5, கொஞ்சம் தாங்கி விட்டுட்டா 4, தூக்க மட்டும் ஏலுமெண்டா 3. விரல்கள் கொக்கி மாதிரி மடிஞ்சு கிடந்தா பாதத்துச் சின்னத் தசைகள் சோந்திட்டு, பாரமெல்லாம் விரலடியில விழும், புண் அங்கதான் வரும்.

ரத்தக் குழாய்க்குத்தான் பொறுமை வேணும். பெருவிரலைத் தூக்கினா புறங்கால்ல கயிறு மாதிரி ஒரு தசைநாண் எழும்பும், அதுக்குச் சின்ன விரல் பக்கமா ரெண்டு மூண்டு விரலை மெல்ல வைங்க, அங்க ஒரு நாடி. மற்றது உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால. பெருவிரலால பாக்காதீங்க, உங்கட நாடியே உங்களுக்குத் துடிக்கும், கனக்க அமத்தினாலும் துடிப்பு மறைஞ்சிரும். புறங்கால் நாடி சுகமான ஆக்கள் சிலருக்கும் பிடிபடாது, அதால ரெண்டையும் பாக்கணும், ரெண்டும் இல்லையெண்டா டொக்டரிட்டப் போங்க. விரல் நுனியை அமத்தி விட்டு நிறம் திரும்புறதைப் பாக்கிறது எல்லாருக்கும் தெரியும், ஆனா அறை குளிரா இருந்தாலே அது பிழைக்கும், நான் அதைக் கனக்க நம்புறல்ல.

அதவிடக் கேள்வி ஒண்டு நல்லம். மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தை நடந்து கடக்கக்குள்ள கெண்டைக்கால் இறுக்கிப் பிடிச்சு, கொஞ்சம் நிண்டா விட்டுருதா? அது காலுக்கு ரத்தம் போதாததுக்கு அறிகுறி. ஆனா நரம்பு செத்த காலுக்கு அந்த நோவும் தெரியாமப் போகலாம். அதுக்குத்தான் ஆஸ்பத்திரியில டொப்ளர் எண்ட, ரத்த ஓட்டத்தச் சத்தமாக் கேக்க வைக்கிற கருவிய வச்சுக் கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரால பிரிச்சுப் பாக்கிறது. கையில 140, கணுக்கால்ல 112 எண்டா 0.8. 0.9 அல்லது அதுக்குக் கீழ எண்டா குழாய் அடைச்சிருக்கு. 1.4க்கு மேல வந்தா சந்தோசப்படாதீங்க, சீனிக்காரருக்குக் குழாய் சுண்ணாம்பு படிஞ்சு இறுகிப் போய் அப்பிடிக் காட்டும், அப்ப கால்விரல் பிரஷர் பாக்கணும்.

கால் திடீரெண்டு வெளிறிக் குளிர்ந்து நொந்தாலும் சரி, நோவில்லாமச் சிவந்து சூடா வீங்கினாலும் சரி, அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, எண்ணெய் பூசிக் கொண்டு இருக்காதீங்க.

மாமிக்கு நாடி நாலும் நல்லம், நரம்புதான் பிழை. கிளினிக்லயும் அதையே சொன்னாங்க. சப்பாத்துப் போடுங்க எண்டன், முருகன்ட சன்னதிக்குச் சப்பாத்தோட போறதா எண்டு ரெண்டு நாள் கதைக்கல்ல, கடைசியில காட்டுக்குள்ள போடுறது கோயில் வாசல்ல கழட்டுறது எண்டு ஒத்துக்கிட்டா. இண்டைக்குப் பின்னேரம் வாங்கப் போறம், பின்னேரம்தான் கால் வீங்கி இருக்கும், அப்ப அளவு பாத்தாத்தான் நடக்கக்குள்ள இறுக்காது. பையில சின்னக் கண்ணாடி ஒண்டும் வச்சிருக்கன், ராவில உள்ளங்காலைப் பாக்க.