ரேடியேட்டர் வால்வைப் பாதி மூடாதீர்கள்: நியூயார்க்கில் முதல் குளிர்காலத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் ஒரு பழைய கட்டடம். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வீடுகள், நடு வீடு எங்களுடையது. நவம்பரில் ஹீட்டிங் ஓடத் தொடங்கியதும் படுக்கையறையில் வியர்த்துக் கொட்டியது. கூடத்தில் சால்வை இல்லாமல் உட்கார முடியவில்லை. குழந்தை புழுக்கம் தாங்காமல் இரவெல்லாம் அழுதாள். நம் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் செய்வதைத்தான் நானும் செய்தேன். அறையைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டரின் கால்மாட்டில் இருந்த வால்வைப் பாதி மூடினேன். குழாயைப் பாதி திறந்தால் பாதித் தண்ணீர், அடுப்பை சிம்மில் வைத்தால் பாதித் தீ. இப்படியே வளர்ந்த கைக்கு வேறெதுவும் தோன்றாது.

அந்தப் பாதித் திருப்பலால் எங்கள் வாடகை டெபாசிட்டில் பெரும்பகுதி போயிற்று. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ரேடியேட்டர் எந்த வகை என்று பாருங்கள். தரையிலிருந்து ஒரே ஒரு குழாய் வந்து ஒரு முனையில் சேர்கிறதா? எதிர்முனையில், பாதி உயரத்தில், விரல் பருமனுக்கு வெள்ளி நிறத்தில் ஒரு சிறு குமிழ் திருகப்பட்டிருக்கிறதா? அப்படியானால் அது ஒற்றைக் குழாய் நீராவி ஹீட்டிங். அந்தக் குமிழ்தான் ஏர் வென்ட், அதாவது உள்ளிருக்கும் காற்றை வெளியே விடும் துளை. இரண்டு முனையிலும் குழாய் இருந்தால் அது வேறு ஏற்பாடு. கீழே சொல்லும் வால்வு விஷயம் அதற்கு அப்படியே பொருந்தாது.

ஒற்றைக் குழாயில் வரவும் போகவும் ஒரே வழிதான். கீழ்த்தளத்து பாய்லரிலிருந்து நீராவி மேலே வருகிறது, ரேடியேட்டரில் குளிர்ந்து தண்ணீராகிறது, வந்த வழியே கீழே வழிந்து போகிறது. வால்வு முழுதாகத் திறந்திருந்தால் இரண்டுக்கும் இடம் உண்டு. பாதி மூடினால் நீராவி எப்படியோ நுழைந்துவிடும், அதை எதிர்த்துத் தண்ணீர் இறங்க முடியாது. ரேடியேட்டருக்குள் தேங்க ஆரம்பிக்கும். அடுத்த முறை பாய்லர் ஓடும்போது நீராவி அந்தத் தண்ணீரை அள்ளி இரும்பின்மேல் அடிக்கும்.

நான் வால்வைத் திருப்பிய மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்குச் சம்மட்டியால் அடிப்பதுபோல் சத்தம். யாரோ கதவை உடைக்கிறார்கள் என்றே என் மனைவி பயந்துவிட்டாள். காலையில் அடங்கிவிட்டது, விட்டுவிட்டோம். அதற்கடுத்த வாரம் ஏர் வென்ட்டிலிருந்து கொதிநீர் துப்பியது. கட்டிலுக்குப் பின்னால் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. மரத்தரை உப்பி, கீழ்வீட்டுக் கூரையில் பழுப்புக் கறை வட்டமாக விழுந்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பக்கம் தொட்டில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே ஒற்றைக் குழாய் வால்வு முழுதாகத் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுதாக மூடியிருக்க வேண்டும். மூடுவதென்றால் ரேடியேட்டர் ஆறி, உள்ளே தண்ணீர் வடிந்த பிறகு மூடுங்கள். பழைய வால்வு பல நேரம் இறுக மூடாது. மூடிய பிறகும் சூடு ஏறினால் நீராவி கசிகிறது என்று அர்த்தம்; அப்படியிருந்தால் திறந்தே விட்டுவிடுவது நல்லது. அறை அதிகமாகச் சுடுகிறதா? அதைக் குறைக்கும் இடம் வால்வு அல்ல, ஏர் வென்ட். காற்றை மெதுவாக விடும் வென்ட்டாக மாற்றினால் நீராவியும் மெதுவாகவே நிரம்பும். வென்ட்டுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பொருத்தும் தெர்மோஸ்டாட் வால்வும் கிடைக்கிறது. ஐந்தாறு ப்ளம்பர்களுக்குப் பிறகு வந்த ஒரு பெரியவர்தான் இதை எனக்குச் சொன்னார். வீட்டைக் காட்டியபோதே யாராவது இந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சரி, குளிர்ந்த கூடத்துக்கு வருவோம். குக்கரில் காற்று வெளியேறி ஆவி வந்த பிறகுதானே வெயிட் போடுவோம்? ரேடியேட்டரிலும் உள்ளிருக்கும் காற்று போனால்தான் நீராவி நுழையும். வென்ட் அந்தக் காற்றை விட்டு, நீராவி பட்டதும் தானே மூடிக்கொள்ள வேண்டும். எங்கள் கூடத்து வென்ட்டின் துளையில் சுவரோடு சேர்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பாய்லர் நின்று ரேடியேட்டர் நன்றாக ஆறிய பிறகு கழற்றி, டெஃப்லான் டேப் சுற்றிப் புதியது திருகினோம். அன்று மாலையே ரேடியேட்டரின் கடைசிப் பட்டைவரை சூடு ஏறியது. மாறாக, வென்ட் விடாமல் சீறிக்கொண்டே இருந்தால் அது மூடவில்லை; அதையும் மாற்ற வேண்டும்.

ரசமட்டம் இருந்தால் ரேடியேட்டரின்மேல் வைத்துப் பாருங்கள். வால்வு இருக்கும் பக்கம் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். பழைய தரை அமுங்கி எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் வால்வு திறந்திருந்தும் தண்ணீர் தேங்கும், அதே சத்தம் வரும். வென்ட் பக்கத்துக் கால்களுக்கு அடியில் மெல்லிய மரத்துண்டு கொடுத்தால் போதும். தூக்கும்போது குழாய் இணைப்பை நெம்பிவிடாதீர்கள்.

கட்டடம் முழுக்கப் பாய்லருக்குத் தூரத்து அறைகள் மட்டும் குளிர்ந்தால் கோளாறு கீழ்த்தளத்தில், பெரும்பாலும் பிரதானக் குழாயின் கோடியில் உள்ள பெரிய வென்ட்டில் இருக்கும். பாய்லர் அழுத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். வீட்டுக்கு 2 பிஎஸ்ஐ-க்குள் (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அளவு) தாராளமாகப் போதும், கூட்டினால் சீராகாது. கீழே குழாய்களில் பழைய வெள்ளைச் சுற்று இருந்தால் கை வைக்கவே கூடாது, அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம்.

சட்டம் சுருக்கமாக: நியூயார்க் நகரில் அக்டோபர் 1 முதல் மே 31 வரை, காலை 6 முதல் இரவு 10 மணிவரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் உள்ளே குறைந்தது 68 இருக்க வேண்டும். இரவில் வெளியே எவ்வளவு இருந்தாலும் உள்ளே 62. இல்லையென்றால் முதலில் வீட்டுக்காரருக்கு எழுத்தில் சொல்லுங்கள், அப்புறம் நகராட்சியின் புகார் எண்ணான 311-ஐ அழையுங்கள். தெர்மாமீட்டர் காட்டியதை நேரத்தோடு குறித்து வையுங்கள்.

குடிபுகும் அன்றைக்கே ஒவ்வொரு ரேடியேட்டரின் அடித்தரையையும் வால்வையும் வென்ட்டையும் தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். எங்கள் தரையில் பாதிக் கறை நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தது. அதைக் காட்ட எங்களிடம் ஒரு படம்கூட இல்லை.