லேவியராகமத்துத் தீட்டுக் கணக்கு: சாயங்காலத்தில் சறுக்காதீர்கள்

இந்த வருடமும் வேதபாட வகுப்பில், பைபிளில் தீட்டு விதிகளைச் சொல்லும் லேவியராகமம் 15-ஆம் அதிகாரம் வந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், "சாயங்காலமட்டும் தீட்டுப்பட்டிருப்பானாக" என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "அண்ணே, சாயங்காலம் மட்டும்தான் தீட்டா? காலையில பரவாயில்லையா?"

பழைய மொழிபெயர்ப்பில் 'மட்டும்' என்றால் 'வரைக்கும்'. சொன்னதும் புரிந்துகொண்டார். சொன்னாலும் போகாத தவறு ஒன்று இருக்கிறது.

குளித்ததும் முடிந்தது என்று நினைப்பது

முதல் வருடம் பாடம் எடுத்தபோது நானே ஒரு படம் வரைந்தேன்: தீட்டு, அம்புக்குறி, குளியல், அம்புக்குறி, சுத்தம். கைக்காசு போட்டு 200 பிரதி அச்சடித்தும் கொடுத்தேன். கடைசி வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கேட்டார்: "குளிச்சதுமே சுத்தம்னா, சாயங்காலம் எதுக்குப்பா?" என்னிடம் பதில் இல்லை. மிச்சப் பிரதிகள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. இன்றும் யாராவது அதே படத்தை வரைந்துகொண்டு வந்தால் எரிச்சல்தான் வருகிறது.

இஸ்ரவேலருக்கு நாள் தொடங்குவதே சாயங்காலத்தில்தான். மத்தியானம் முழுகி எழுந்தவன் இன்னும் தீட்டுப்பட்ட அதே நாளுக்குள்தான் நிற்கிறான். பொழுது சாய்ந்தால்தான் அந்த நாள் அவனை விடும். லேவியராகமம் 22 இதை ஆசாரியனுக்கே, அதாவது பலி செலுத்தும் குருவுக்கே சொல்கிறது: குளித்திருந்தாலும் சூரியன் அஸ்தமித்த பிறகுதான் பரிசுத்தமானவற்றை அவன் சாப்பிடலாம்.

குளித்தாயிற்று, பொழுது இன்னும் சாயவில்லை என்ற இந்த இடைநேரத்துக்கு, யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் 'தெவூல் யோம்' என்று தனிப் பகுதியே உண்டு. அந்த நேரத்தில் அவன் இரண்டாம் தசமபாகத்தை (விளைச்சலில் எருசலேமில் சாப்பிடுவதற்கென ஒதுக்கிய பத்தில் ஒரு பங்கை) சாப்பிடலாம், விளைச்சலில் ஆசாரியருக்கெனக் கொடுக்கும் பங்கைத் தொடக்கூடாது. மிஷ்னாவின் முதல் கேள்வியிலேயே இந்த மாலை வந்துவிடுகிறது. இரவு ஜெபமான ஷெமாவை எப்போது சொல்லத் தொடங்கலாம்? ஆசாரியர்கள் தங்கள் பங்கைச் சாப்பிட உள்ளே போகும் நேரத்திலிருந்து.

இதற்காகச் சண்டையும் நடந்தது. பிணத்தீட்டைப் போக்கும் நீருக்குச் சாம்பல் எடுக்க, சிவப்புக் கிடாரியை எரிப்பார்கள். அதை எரிக்கும் ஆசாரியன் பொழுது சாயும்வரை காத்திருந்தவனாக இருக்க வேண்டும் என்றார்கள் சதுசேயர் என்ற யூதப் பிரிவினர். முழுகினாலே போதும் என்றது எதிர்த்தரப்பு. அதைக் காட்டவே ஒலிவமலையில் ஆசாரியனை வேண்டுமென்றே தீட்டுப்படுத்தி, முழுகவைத்து, உடனே வேலையில் இறக்கினார்கள் என்கிறது மிஷ்னா. குளியலும் மாலையும் ஒன்றுதான் என்றால் அவர்கள் எதற்கு இவ்வளவு மெனக்கெட்டார்கள்?

தீட்டைப் பாவம் என்று எடுத்துக்கொள்வது

அப்பாவை அடக்கம் செய்தவனுக்கும் ஏழு நாள் தீட்டு. இதில் பாவம் எங்கே?

40 நாளை ஒரே துண்டாகப் பார்ப்பது

பிள்ளை பெற்றவளுக்கு, ஆண் பிள்ளை என்றால் 7-ம் 33-ம் நாள், பெண் பிள்ளை என்றால் 14-ம் 66-ம். முதல் துண்டு மாதவிலக்குத் தீட்டைப் போன்றது. இரண்டாவதில் பரிசுத்தமானதைத் தொடவோ பரிசுத்த ஸ்தலத்துக்குள் வரவோ கூடாது.

மூன்றாம் நாளை விட்டுவிடுவது

பிணத்தைத் தொட்டவனுக்கு அந்தச் சாம்பல் நீரைத் தெளிப்பது மூன்றாம் நாளிலும் ஏழாம் நாளிலும். மூன்றாம் நாள் தவறினால் ஏழாம் நாள் சுத்தமில்லை. எண்ணாகமம் 19.

ஏழு நாள் எப்போது தொடங்குகிறது என்று பாராமல் எண்ணுவது

மாதவிலக்கின் ஏழு நாள் தொடக்கத்திலிருந்து எண்ணப்படும். பிரமியம் (ஆணுறுப்பிலிருந்து வரும் ஒழுக்கு) உள்ளவனுக்கோ அது நின்ற பிறகுதான் முதல் நாள். நடுவில் மறுபடி கண்டால் எண்ணியது போச்சு, திரும்பவும் ஒன்றிலிருந்து. வகுப்பில் இதைச் சொன்னபோது அந்தத் தம்பி, "அப்போ சாயங்காலம்?" என்று கேட்டார். சரி, பிழைத்துக்கொள்வார்.